காவல் தகடு

“கடினமா ஏதாவது கடிச்சியா?”

“இல்லக்கா.”

“முறுக்கு?”

“ம்ஹூம்.”

“கொய்யாக்கா? கடலை உருண்டை? எலும்புக்கறி?”

“அய்ய, சத்தியமா இல்லக்கா. நாலு மாசமா கஞ்சியும் ரசஞ்சோறும்தான். வேணும்னா எங்கம்மாவக் கேளு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சலை, கேட்பதற்கு முன்பே தலையாட்டினாள். கரும்பு வெட்டிக் காய்த்துப்போன கைகளை மடியில் ஒளித்துக்கொண்டு, பெரிய டாக்டர் வருகிறாரா என்று கதவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

செம்மலர் திரையில் ‘இல்லை’ என்பதைத் தொட்டாள். அந்த அரசுப் பல் மருத்துவமனையில் அவளுக்குச் சம்பளம் தருவதே இதற்குத்தான். தாடை அறுவை செய்துகொண்டவர்களை மாதாமாதம் உட்காரவைத்து, எலும்பு நிலைத்துவிட்டதா, பழைய இடத்துக்கே நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தமயந்திக்கு நகர்கிறதாம். திரை சிவப்பாகச் சொன்னது. அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘மறு அறுவை. கனத்த தகடு.’

“என்னக்கா போட்ருக்கு?”

“திரும்பக் கிழிக்கணும்னு போட்ருக்கு.”

செம்மலருக்கு எதையும் பஞ்சில் சுற்றிச் சொல்லத் தெரியாது. தமயந்தி கன்னத்தைப் பொத்திக்கொண்டாள்.

“வைகாசியில நான் வேலைக்குச் சேரணுங்க்கா. திரும்ப வாயக் கட்டிட்டா நான் எப்பிடி விசிலக் கடிக்கிறது?”

அவளுக்கு நடத்துனர் வேலை கிடைத்திருந்தது. பஸ்களுக்கு ஓட்டுநர் தேவையில்லை என்றாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் ஏறுகிற கிழவியையும் இறங்காத குடிகாரனையும் சமாளிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. பஸ் விசில் சத்தத்துக்குத்தான் நிற்கும், விசில் சத்தத்துக்குத்தான் நகரும். இரண்டு கையும் சீட்டுக்கும் சில்லறைக்கும் போய்விடுவதால் விசில் எப்போதும் பல்லிடுக்கில் இருக்க வேண்டும். தமயந்தியின் கீழ்த்தாடை முன்னால் நீண்டு, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சந்திக்காமலே இருந்தன. விசிலைக் கடிப்பதற்காகவே அவள் ஐப்பசியில் தாடையை அறுத்துப் பின்னால் தள்ளிவைத்துக்கொண்டாள்.

செம்மலருக்கும் அதே தாடைதான். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் ‘ஜேசிபி’. மண் அள்ளுகிற வண்டிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே வாளி, அது. பட்டம் வாங்கி, வீட்டிலேயே முதல் ஆளாக அரசு வேலைக்குப் போனபோதும், நேர்காணலில் ஒருவர் அவள் வாயைப் பார்த்தே கேள்வி கேட்டார். அவளும் அதே ஐப்பசியில் அறுத்துக்கொண்டாள். தமயந்தியின் தாடையில் இருக்கிற அதே காவல் தகடு அவள் தாடையிலும் இருந்தது.

அறுத்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற பழைய தகடுகள் ஊமைகள். சில, வாழ்நாள் முழுக்க உள்ளேயே கிடக்கும். கரைகிற வகை சில நேரம் எலும்பு கூடுவதற்கு முன்பே கரைந்து காலை வாரிவிடும். காவல் தகடு அப்படியில்லை. நாம் கடிக்கும்போது எலும்பில் ஏறுகிற பாரத்தை அளந்து, கைப்பேசி வழியாக, தகட்டைச் செய்த கம்பெனியின் கணினிக்கு அனுப்பும். எலும்பு உறுதியாகிவிட்டது என்று கணினி சொன்னால் தகடு இளகி, மெல்ல மெல்லக் கரைந்துபோகும். எலும்பு நகர்கிறது என்றால் இறுகும். யார் தாடை எப்போது விடுதலையாகும் என்பதை எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்த ஒரு கணினி முடிவு செய்துகொண்டிருந்தது.

*

மத்தியானம் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் செம்மலர் நின்றபோது, தூணுக்கு அந்தப் பக்கம் அஞ்சலையின் குரல் கேட்டது.

“சொன்னா கேட்டியாடி? ஒரு கணுவோட விட்றீன்னன். முழுக் கரும்பையும் உரிச்சித் தின்னுட்டு இப்ப அழுதா? சனியனே.”

“நீதான ம்மா ஒடச்சிக் குடுத்த?”

“பொங்கலும் அதுவுமா புள்ள வாயப் பாத்துக்கினு இருக்குதேன்னு குடுத்தன். திங்கச் சொல்லியா குடுத்தன்?”

செம்மலர் தூணைச் சுற்றி வந்தாள். “திங்காம வேற எதுக்குக் குடுத்த, பல்லு குத்தவா?”

அஞ்சலையின் கையிலிருந்த டீ பாதி தரையில் சிந்தியது. “மேடம், எழுதிராதீங்க மேடம். சொன்னபடி கேக்கலன்னு எலவச ஆப்பரேசன் திட்டத்துலர்ந்து பேரை எடுத்துருவாங்க. டாக்டரு வாயால கேட்டம்னா நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி பேசுவாரு.”

“ஏன் காலைல எங்கிட்ட சத்தியம் பண்ண?”

“எல்லாருந்தான் பண்ணாங்க!” தமயந்திக்குக் கோபம் வந்துவிட்டது. “வரிசைல நிக்கிற யாரையாச்சும் கேளுக்கா. தை ஒண்ணாந்தேதி கரும்பு கடிக்காத வாயி இந்த ஜில்லாவுல எது? நீ கடிக்கல?”

செம்மலரின் கை தன் தாடைக்குப் போனது.

கடித்திருந்தாள். அப்பா வாங்கி வந்த கரும்புக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, பல் சேர்ந்து கடிக்கிற சுகத்தை வாழ்க்கையில் முதல் முறையாகக் கண்டு, அடிக்கரும்பு வரைக்கும் போயிருந்தாள். மறுநாள் மாட்டுப் பொங்கலன்று காலையில் எழுந்தபோது தாடை பூட்டுப் போட்டதுபோல் இருந்தது. தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து, தன் பெயருக்கு எதிரிலும் ‘இல்லை’ என்றே தொட்டிருந்தாள்.

டீ ஆறிப்போனது. அவளுக்குள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

கணினிக்குப் பொங்கல் தெரியாது. ஒரே நாளில், ஒரே மாநிலத்தில், அத்தனை தாடைகளிலும் பாரம் எகிறுகிறது. ஏதாவது கடித்தீர்களா என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்கிறார்கள். அப்படியானால் எலும்புகள்தாம் தாமாக நகர்கின்றன, எல்லாவற்றையும் இறுக்கு. கணினி தன் கணக்கில் தப்பே செய்யவில்லை. இவர்கள் கொடுத்த பொய்யை வைத்து மிகச் சரியாகக் கணக்குப் போட்டிருந்தது.

*

டாக்டர் கோதண்டபாணி நல்ல கைக்காரர். அவர் அறுத்த தாடை மயிரிழை பிசகாது என்று பேர். வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் அறையில் கம்பெனிக்காரன் விபினும் மடியில் கணினியுடன் உட்கார்ந்திருந்தான்.

“கரும்பா?” டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நான் ராத்திரி பகலா உக்காந்து செதுக்கி வைப்பேன், இவங்க கரும்பு கடிப்பாங்களா?”

“சார், கடிச்சது பிரச்சனையே இல்ல. அப்போ அறுத்து மூணு மாசம், எலும்பு சேர்ந்திடுச்சு. தாங்கியிருக்கும், தாங்கிடுச்சு. அதுக்கப்புறம் தகடு இறுகினதுதான் பிரச்சனை.”

“இறுகினா நல்லதுதானே மேடம்?” என்றான் விபின். “பாதுகாப்பு.”

“கால் ஒடஞ்சி மாவுக்கட்டு போட்டவனப் பாத்திருக்கீங்களா? கட்டைப் பிரிச்சா கால் எப்படி இருக்கும்?”

“கொஞ்சம்... மெலிஞ்சிருக்கும்.”

“சூம்பிப்போயிருக்கும். வேலை குடுக்காத எலும்பை உடம்பு வெச்சிக்காது, தின்னுடும். கடிக்கிற பாரம் மொத்தத்தையும் உங்க தகடே வாங்கிக்குது. அடியில எலும்பு வெட்டியா கெடந்து மெலியுது. மெலிஞ்சதப் பாத்துட்டு இன்னும் கனமா ஒரு தகடு போடுங்கறீங்க. போட்டா இன்னும் மெலியும். காவல் காக்கறேன் காக்கறேன்னு கழுத்த நெரிக்கிறீங்க.”

டாக்டர் மேசையில் விரலால் தட்டினார். அவருக்கு இது புரியாத விஷயமில்லை. ஆனால் புரிந்ததை உதவியாளர் சொல்லிக் கேட்பதற்கு வேறு ஒரு மனசு வேண்டும்.

“நேத்துவரைக்கும் யாருமே எதையும் கடிக்கலைன்னு எனக்கு எழுதிக் குடுத்தது யாரு? நீ. இன்னிக்கு எல்லாருமே கடிச்சாங்கங்கற. எதை நான் நம்பறது? கடிச்சவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா, பார்க்கலாம்.”

“கையெழுத்துப் போட்டா திட்டத்துலர்ந்து தூக்கிடுவீங்க.”

“அது விதி.”

“அப்ப எவ சார் போடுவா?”

“சிஸ்டம் பொய் சொல்லாது மேடம்,” என்றான் விபின் சமாதானமாக.

“நாங்க சொல்லுவோம் தம்பி. தலைமுறை தலைமுறையா சொல்லியிருக்கோம். மேல உக்காந்திருக்கறவன் திட்டுவான்னா, சாப்ட்டியான்னு கேட்டாக்கூட இல்லன்னுதான் சொல்லுவோம். அது உங்க சிஸ்டத்துக்குத் தெரியல.”

கதவை அவள் சாத்திய சாத்தில் சுவரிலிருந்த பல் படம் ஆடியது.

*

பழுது பார்ப்பதற்கென்று ஒரு சோதனைக்கோல் செம்மலரின் பொறுப்பில் இருந்தது. கன்னத்தில் வைத்து அழுத்தினால் அந்தத் தகடு கணினியின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு இளகிக்கொள்ளும். ஐந்து நிமிடச் சோதனைக்கு மட்டும் அனுமதி. அதற்கு மேல் போனால் வேலை போகும்.

“எனக்கு வைக்கா,” என்றாள் தமயந்தி. “நானே சொல்றன் இல்ல?”

“மூடு. ஒடஞ்சா மொதல்ல என் வாய் ஒடயட்டும்.”

அன்றைக்குச் சாயங்காலம் அவள் கோலைத் தன் கன்னத்தில் இரண்டு பக்கமும் வைத்து அழுத்தினாள். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப இறுக்கவில்லை.

அப்பா ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர். “ரெண்டு கழி எடுத்தாப்பா” என்றதும் அவர் சந்தேகமாகப் பார்த்தார். “இது பொங்கக் கரும்பு இல்லம்மா. பொங்கக் கரும்பு மெத்துன்னு இருக்கும். ஆலைக் கரும்பு கட்டை. மாடே யோசிச்சித்தான் கடிக்கும்.”

“அதான் வேணும்.”

முதல் கடியில் ‘படக்’கென்று ஒரு சத்தம். உடைந்தது கரும்பா, தாடையா? மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். நாக்கில் சாறு இறங்கியது. கரும்புதான். காதுக்குக் கீழே சுருக்கென்று வலித்தது. கடவாய்ப் பல்லுக்கு மாற்றி இன்னொரு கடி கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வரட்டும் என்று மென்றாள். மறுநாளும் மென்றாள். பங்குனி முழுக்க மென்றாள். தெருவில் பெண்கள், “படிச்ச பொண்ணு, மாடு மாதிரி வாசல்ல நின்னு மெல்லுது பாரு,” என்றார்கள். சக்கையை அவர்கள் பக்கமாகவே துப்பினாள்.

வலி தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் கடிக்கும்போது வலி இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

*

சித்திரைக் கடைசியில் மறு அறுவைக் குழு கூடியது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தாடைப் படங்களைப் பெயரில்லாமல்தான் காட்டுவார்கள். யாருடைய ஆள், எந்த ஊர் என்று பார்க்காமல் எலும்பை மட்டும் பார்க்க வேண்டும் என்று கோதண்டபாணியே கொண்டுவந்த ஏற்பாடு. படங்களை அடுக்குகிற வேலை செம்மலருடையது.

ஒவ்வொன்றாக வந்தது. தகட்டுக்கு அடியில் எலும்பு கரையான் அரித்த சட்டம்போல இருந்தது. தமயந்தியுடையது நான்காவது. “மறு அறுவை,” என்றார் டாக்டர், சோர்ந்த குரலில். விபின் குறித்துக்கொண்டான்.

அடுத்த படம் வந்ததும் டாக்டர் நிமிர்ந்தார். எழுந்து திரைக்கு அருகில் போனார்.

“இதைப் பாருங்க. இதைத்தான் நான் கத்திட்டிருக்கேன். வெட்டின கோடே தெரியல. என்ன கனம், என்ன அடர்த்தி! அதே ஐப்பசி, அதே தகடு. ஆனா இது சொன்ன பேச்சைக் கேட்ட நோயாளி. கஞ்சின்னா கஞ்சி. கட்டுப்பாடு! விபின், இதை உங்க கணினிக்கு முன்மாதிரியா அனுப்புங்க. யாரும்மா இந்தப் பேஷண்ட்?”

“நான்தான் சார்.”

டாக்டர் திரையிலிருந்து திரும்பி அவள் தாடையைப் பார்த்தார்.

“ரெண்டு மாசமா என் தகடு ஓய்வுல இருக்கு. கோலை வெச்சி நானே நிறுத்தினேன். தினம் காலைலயும் சாயங்காலமும் ஆலைக் கரும்பு. கஞ்சி குடிச்சி எனக்கு வருஷமானாப்ல இருக்கு.”

விபின் எழுந்தான். “சார், இது விதிமீறல். ஒப்பந்தப்படி...”

“உக்காருய்யா.” டாக்டர் செம்மலரிடம் வந்தார். கேட்காமலே அவள் தாடையின் இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அசைத்துப் பார்த்தார். அறுத்த கைக்கு அறுத்த இடம் தெரியும். நீண்ட நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“ஒடஞ்சிருந்தா?”

“ஒடஞ்ச தாடையக் கொண்டாந்து காட்டியிருப்பேன், என் பேச்சு தப்புன்னு.”

அவர் கையை எடுத்தார். “மத்தவங்க நெஜமாவே கடிச்சாங்களா? அத்தனை பேருமா?”

“வெளிய ஒக்காந்திருக்காங்க. திட்டாம கேட்டுப் பாருங்க.”

டாக்டர் விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போனார். அவரைக் கண்டதும் வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. “உக்காருங்க, உக்காருங்க. பொங்கலன்னிக்கு யாரெல்லாம் கரும்பு கடிச்சீங்க? பயப்படாம சொல்லுங்க.”

“இல்லீங்க டாக்டர்.”

“தொடவே இல்லீங்க.”

“கரும்பா? எங்க ஊட்ல வாங்கவே இல்லீங்க சார்.”

அஞ்சலை எல்லோரையும்விடச் சத்தமாக, “எங்க சாதி சனத்துலயே யாரும் திங்கறது இல்லீங்க!” என்றாள். கரும்பு வெட்டியே காலம் தள்ளுகிறவள்.

செம்மலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை ஓங்கிக்கொண்டு அஞ்சலையிடம் போயிருப்பாள். அதற்குள் டாக்டர் செம்மலரின் கைப்பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரும்புத் துண்டை உருவினார். பெஞ்சில், வரிசைக்கு நடுவே, உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டுடன் அதைக் குறுக்காக வாயில் வைத்து, நடுக் கணுவில் ஒரு கடி கடித்தார். இறங்கவில்லை. மறுபடி கடித்தார். முகம் சிவந்தது. உதட்டோரம் லேசாக ரத்தம் கசிந்தது.

வராந்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தது.

“அய்யய்யே,” என்றான் கடைசியில் ஒருவன். நெல் அரவை மில்லில் மூட்டை தூக்குகிறவன், பெயர் பூமாலை. “கணுவுல போயி யாராச்சும் கடிப்பாங்களா? ஈறு கிழிஞ்சிரும் டாக்டர். நுனியில தோலப் பல்லுல புடிச்சி, கையால கழிய கீழ இழுக்கணும். இப்பிடி.” வாங்கி, பிடித்து, சரக்கென்று ஒரு பட்டை உரித்துக் காட்டினான்.

“ஓஹோ,” என்றார் டாக்டர். “பொங்கலன்னிக்கும் இப்படித்தான் இழுத்தியா?”

பூமாலையின் வாயில் கரும்பு அப்படியே நின்றது. டாக்டரின் வாய் கோணியது. திட்டப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் சிரித்துவிட்டார். உதட்டில் ரத்தத்தோடு சிரித்தார்.

“நான் ரெண்டு கழிங்க டாக்டர்,” என்றது ஒரு குரல் பின்னாலிருந்து. “எனுது ஒண்ணரை.” “எங்க மாமியார் வெச்சிருந்ததயும் சேத்து தின்னுட்டேங்க.” அஞ்சலை மகளை முன்னால் தள்ளினாள். “இவ முழுசா ஒண்ணுங்க. நாந்தான் ஒடச்சிக் குடுத்தன்.”

*

மறு அறுவைகள் நின்றன. எங்கள் ஆஸ்பத்திரித் தகடுகளை நானே இளக்குவேன், உங்கள் கணினி வேடிக்கை பார்க்கட்டும் என்று டாக்டர் கம்பெனிக்குச் சொல்லிவிட்டார். கரும்பு தின்றால் திட்டத்திலிருந்து நீக்குகிற விதி மட்டும் அப்படியே இருந்தது. அதை மாற்ற வேறு ஒரு குழு கூட வேண்டுமாம்.

சோதனைக்கோலைத் தவறாகப் பயன்படுத்தியதற்காகச் செம்மலரைத் தற்காலிகமாகப் பணியிலிருந்து நிறுத்தினார்கள். உத்தரவைக் கையில் கொடுத்தபோது டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “வருத்தம் தெரிவிச்சி எழுதிக் குடும்மா, முடிச்சிடலாம்,” என்றார்.

“வருத்தம் இருந்தா எழுதுறேன் சார்,” என்றாள்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. விசாரணைக்குப் போய்விட்டு ஊர் திரும்ப பஸ் ஏறியபோது, உள்ளே தமயந்தி. காக்கிச் சட்டை இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது. பல்லிடுக்கில் விசில்.

“அக்கா! சீட்டு வேணாம், ஒக்காரு.”

“ஓசியில ஏத்தினன்னு ஒன் வேலையும் போவறதுக்கா? குடுடி சீட்ட.”

பண்ருட்டி தாண்டியதும் இரண்டு பேரின் கைப்பேசியும் ஒன்றாக முனகின. கம்பெனியிடமிருந்து. ‘அன்புள்ள பயனாளிக்கு: தினமும் கடித்து மெல்லுவது உங்கள் தாடையை உறுதியாக்கும் என்று எங்கள் ஆய்வு கண்டறிந்துள்ளது. இதற்கென நாங்கள் தயாரித்துள்ள மெல்லுகுச்சியை மட்டும் பயன்படுத்தவும். கரும்புச் சுவையிலும் கிடைக்கும். இயற்கைக் கரும்பு பரிந்துரைக்கப்படவில்லை. நேற்று வேறு கடினமான பொருள் எதையாவது கடித்தீர்களா?’

எங்கள் ஆய்வு. செம்மலர் பல்லைக் கடித்தாள். பல் நன்றாகச் சேர்ந்தது. ‘ஆம்’ என்பதைத் தொட்டாள். விவரம் கேட்டது. ‘கரும்பு. ஆலைக் கரும்பு. இன்றைக்கும் கடிப்பேன்’ என்று எழுதி அனுப்பினாள்.

நிமிர்ந்தபோது தமயந்தி கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ என்னடி போட்ட?”

தமயந்தி ஜன்னலைப் பார்த்தாள். “...இல்லன்னு.”

“நேத்து என்ன தின்ன?”

“கரும்பு.”

“அடிங்க! ஒனக்காவத்தான்டி நான் வேலையில்லாம சுத்தறேன்.”

“திட்டத்துலர்ந்து எடுத்துட்டாங்கன்னா?”

“எல்லாரும் ஆமாம்னு போட்டா எத்தினி பேரைடி எடுப்பான்? போன தடவ எல்லாரும் சேந்து இல்லன்னு சொன்னம். அதுக்கே அவன் தலைகீழா நின்னான். இப்ப சேந்து ஆமாம்னு சொல்லிப் பாப்பம்.”

தமயந்தி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் குலுங்கியது. பிறகு கைப்பேசியை எடுத்தாள், கட்டைவிரலால் எதையோ மாற்றினாள், செம்மலரின் மூக்குக்கு நேராக நீட்டிக் காட்டினாள். காட்டிவிட்டுத் திரும்பி, விசிலைக் கடித்து ஒரு ஊது ஊதினாள். ஓட்ட ஆளில்லாத அந்த வண்டி கீழ்ப்படிந்து நின்றது.

“மடப்பட்டு!” என்று வாய் நிறையத் திறந்து கத்தினாள். “மடப்பட்டெல்லாம் எறங்கு!”